ஒன்றுவிட்டு ஒரு படகு

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் ராமேஸ்வரம் ஜெட்டிக்குப் போனால் காலை ஊன்ற இடம் கிடைக்காது. திங்கட்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் ஒவ்வொன்றாகக் கரை பிடிக்கும். காரலும் கணவாயும் நண்டும் கூடை கூடையாக இறங்கும். ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு மேல் ஏலக்காரர் குரல் கேட்கும். அதே ஜெட்டிக்கு வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். வலை பொத்துகிறவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

காரணம் எளியது. இந்தப் பக்கத்துப் பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் 3 நாள். மீதி 4 நாள் நாட்டுப்படகுகளுக்கு. இரண்டு தரப்பும் கடலில் முட்டிக்கொள்ளாமல் இருக்கப் பல ஆண்டுகளாக இருக்கும் ஏற்பாடு இது. இது தெரியாமல் வாராவாரம் வெள்ளிக்கிழமை மட்டும் வந்து கணக்கெடுக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 52 வாரம் வெயிலில் நின்று, ஒரு நாளும் பொய் எழுதாமல், ‘ராமேஸ்வரத்தில் விசைப்படகு மீன்பிடிப்பே கிடையாது’ என்று அவர் அறிக்கை கொடுத்துவிடுவார்.

கடலில் எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்ற கேள்வி பார்க்கச் சின்னது. 2022-ல் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கிய மீன் 7.22 லட்சம் டன், இந்தியா முழுக்க 34.9 லட்சம் டன் என்று செய்தித்தாளில் ஒரு வரி வந்தது. தமிழ்நாட்டுப் பங்கை மட்டும் 10 டன் லாரியில் ஏற்றினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 லாரி, வருடம் முழுக்க. இத்தனையையும் யார் நிறுத்துப் பார்த்தார்கள்? யாருமே இல்லை. 2010-ல் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் மட்டும் 573 மீனவ கிராமங்கள், 407 இறங்குதளங்கள். இறங்குதளம் என்றதும் சிமென்ட் ஜெட்டியை நினைக்க வேண்டாம். மோர்ப்பண்ணையிலும் காரங்காட்டிலும் வாலிநோக்கத்திலும் அது ஒரு மணல் திட்டாக, நாலு வல்லம் ஏற்றிவைத்த கரையாக இருக்கலாம். சுமார் 237 கிலோமீட்டர் நீளும் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் எந்நேரமும் எங்காவது ஒரு படகு வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தராசை வைக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

அப்படியானால் மீனவர்களிடமே கேட்டுவிடலாமே?

“அண்ணே, இன்னைக்குப் பாடு எப்படி?”

“என்னத்தப் பாடு தம்பி… டீசல் காசுக்கே வரல.”

இந்தக் கரையில் யாரிடம் கேட்டாலும், எந்த நாளில் கேட்டாலும், இதே பதில் வர நிறைய வாய்ப்பு. அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. நிறைய கிடைத்தது என்று சொன்னால் கண் படும். கடன் கொடுத்தவர் காதில் விழும். கேட்கிறவர் எந்த ஆபீஸ் ஆள் என்றும் தெரியாது. பத்து கிலோ கிடைத்தாலும் நூறு கிலோ கிடைத்தாலும் ஒரே விடை வருகிற கேள்வி, கெட்டுப்போன தராசு மாதிரி. முள் அசையாது.

சரி, ஏலச் சீட்டைப் பார்க்கலாமா? சீட்டில் ஏறுவது விற்ற மீன் மட்டும். கறிக்கென்று வீட்டுக்கு எடுத்துப்போனது, ஆட்களுக்குப் பிரித்துக்கொடுத்தது, கருவாட்டுக்குக் காயப்போட்டது எதுவும் அதில் இருக்காது. ஏற்றுமதிக் கணக்கோ இறாலும் கணவாயும் எங்கே போயின என்று சொல்லும். உள்ளூர்ச் சட்டியில் கொதித்த காரலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இந்தச் சிக்கலை அவிழ்த்த கதையில் பக்கத்து ஊரான மண்டபத்துக்கும் பங்கு உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 பிப்ரவரி 3-ஆம் தேதி தொடங்கியது. 1949-ல் மண்டபம் கேம்ப்புக்கு வந்தது. 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை தலைமையகம் இங்கேதான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நிறுத்திச் சோதித்த முகாமின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு, நாட்டின் கடல்மீனை எப்படி எண்ணுவது என்று யோசித்தார்கள். அதே காலத்தில் சுகாத்மே, பான்சே, சாஸ்திரி என்ற மூன்று புள்ளியியலாளர்கள், நெல்லுக்கும் கோதுமைக்கும் பழகிய மாதிரிக் கணக்கெடுப்பைக் கடலுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று ஆராய்ந்தார்கள். 1958-ல் ‘பயோமெட்ரிக்ஸ்’ இதழில் அவர்கள் கட்டுரை வெளியானது. மாதிரிக் கணக்கெடுப்பு என்றால் முழுவதையும் எண்ணாமல் ஒரு பகுதியை எண்ணி முழுவதையும் மதிப்பிடுவது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நன்றாகக் கிண்டிவிட்ட பானைக்குத்தான் அது சரி. விறகு ஒரு பக்கமாக எரிந்த பானையில் அடிச்சோறு குழைந்திருக்கும், மேல்சோறு நறுக்கென்று இருக்கும். கடற்கரை அப்படிப்பட்ட பானை. அதைக் கிண்டிவிடவும் முடியாது. எனவே அடிச்சோற்றைத் தனியாக, மேல்சோற்றைத் தனியாகப் பதம் பார்க்க வேண்டும். இப்படிப் பிரிப்பதைப் புள்ளியியலில் அடுக்கு பிரித்தல் என்பார்கள். கரையை மண்டலங்களாக வெட்டினார்கள். காலத்தை மாதங்களாக வெட்டினார்கள். ஒரு மண்டலத்தின் ஒரு மாதம், ஓர் அடுக்கு.

மாதம் ஏன்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலைத் தொடாது. ஜூன் பின்பாதியில் பாடு கொட்டும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கினால் எந்த மாதத்துக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் மிஞ்சும். மண்டலம் ஏன்? பாம்பனுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்றுக்கு நேர்மாறு. படகையும் வலையையும் தூக்கிக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாறுவது இங்கே தலைமுறைப் பழக்கம். வடக்குப் பக்கம் மட்டும் நின்று எண்ணியவருக்கு மார்கழியில் மீன் வளமே அழிந்துவிட்டதாகத் தோன்றும். மீன் வளம் அழியவில்லை. படகுகள் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கின்றன.

இனிதான் நுட்பம். ஒரு மண்டலத்தில் 20 இறங்குதளங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் மாதத்தில் 20 பெருக்கல் 30, ஆக 600 ‘தள-நாட்கள்’. ஒரு தளத்தின் ஒரு நாள் என்பதுதான் எண்ணப்படும் அலகு. இந்த 600-ல் நேரில் போய்ப் பார்ப்பது வெறும் 9. நூற்றுக்கு ஒன்றரை! மூன்று மணி நேரச் சினிமாவில் 3 நிமிடம்கூடப் பார்க்காமல் கதை சொல்வதற்குச் சமம். தொடர்ச்சியாக 3 நிமிடம் பார்த்தால் ஒரு பாட்டோ ஒரு சண்டையோதான் தெரியும். அதே நேரத்தை 9 துண்டாக நறுக்கிப் படம் முழுக்கத் தூவினால்? ஏறக்குறையக் கதை பிடிபட்டுவிடும்.

எப்படித் தூவுவது? மாதத்தின் முதல் 5 தேதிகளில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். 4 வந்தது என்றால், 4-ஆம் தேதியும் அதைத் தொடரும் 5 நாட்களும் சேர்ந்து இரண்டிரண்டாக மூன்று ஜோடி: 4-5, 6-7, 8-9. அடுத்து 10 நாள் தள்ளி 14-15, 16-17, 18-19. மறுபடி 10 தள்ளி 24-லிருந்து 29 வரை. ஆக 9 ஜோடி. மண்டலத்தின் தளப் பட்டியலிலிருந்து 9 தளங்களைக் குலுக்கி எடுத்து, ஜோடிக்கு ஒன்றாக ஒதுக்குவார்கள். ஒரு தடவை எடுத்த சீட்டை மறுபடி குடத்தில் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார்கள். அதனால் ஒரே ஊர் ஒரு மாதத்தில் இரண்டு முறைகூட வரலாம். அட்டவணை நிறுவனத்தில் தயாராகிக் களப்பணியாளர் கைக்கு வரும். ‘பஸ் வசதி உள்ள ஊருக்குப் போகலாம், தெரிந்தவர் இருக்கும் கரைக்குப் போகலாம்’ என்ற மனிதச் சபலத்துக்கு அங்கேயே பூட்டு. நாம் ‘சும்மா ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்’ என்று சொல்லும்போது அது ஒருபோதும் சும்மா இருப்பதில்லை.

அந்த 10 நாள் இடைவெளியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 4-ஆம் தேதி திங்கள் என்றால் 14 வியாழன், 24 ஞாயிறு. முதல் ஆறு நாள் கொத்தில் விடுபடும் கிழமை ஞாயிறு, இரண்டாவதில் புதன், மூன்றாவதில் சனி. விடுபடும் கிழமையும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 7 நாள் இடைவெளி வைத்திருந்தால் நம் வெள்ளிக்கிழமை ஆசாமியின் கதிதான். வாரத்தின் தாளத்தோடு கணக்கெடுப்பின் தாளம் சேர்ந்துவிடக் கூடாது. 7-ஆல் வகுபடாத ஓர் எண் அந்தக் காரியத்தைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்கிறது. திங்கள்-புதன்-சனி ஏற்பாட்டை மனதில் வைத்துத்தான் 10 என்று போட்டார்களா, பத்துப் பத்தாகப் பிரிப்பது வசதி என்று போட்டார்களா தெரியாது. பலன் என்னவோ அருமை.

ஏன் ஜோடி நாள்? ஒரே ஆள் 24 மணி நேரம் மணலில் நிற்க முடியாதே. முதல் நாள் பகல் 12 மணி முதல் மாலை 6 வரை நிற்பார். மறுநாள் காலை 6 முதல் பகல் 12 வரை நிற்பார். இரண்டு அரைப்பகலும் சேர்ந்து ஒரு முழுப் பகல். நடுவில் போன இரவுக்கு என்ன வழி? மறுநாள் காலையில் கரையில் இருப்பவர்களிடம் விசாரித்து எழுதிக்கொள்வார். ‘கேட்டால் சரியான பதில் வராது’ என்று ஒதுக்கிவைத்த அதே முறை இங்கே பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. ஆனால் கேள்வி மாறிவிட்டது. ‘உனக்கு எவ்வளவு கிடைத்தது?’ என்று யாரையும் கேட்கவில்லை. ‘ராத்திரி எத்தனை படகு வந்தது?’ என்றால் ஏலக்காரர் சொல்வார், டீக்கடைக்காரர் சொல்வார், ஒருவர் தப்பாகச் சொன்னால் இன்னொருவர் திருத்துவார். நினைவு ஒரே இரவு பழசு. அடுத்தவர் படகை எண்ணிச் சொல்வதில் யாருக்கும் கூச்சமும் கிடையாது.

அடுத்து, படகு. 15 படகு வரை வந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார். 16 முதல் 19 வரை என்றால் முதல் 10 படகு முழுதாக, மிச்சத்தில் பாதி. 20-லிருந்து 29 என்றால் ஒன்றுவிட்டு ஒரு படகு. 30-லிருந்து 39 என்றால் மூன்றில் ஒன்று, 40-களில் நான்கில் ஒன்று, இப்படியே போகும். இதிலுள்ள கருணை எனக்குப் பிடித்திருக்கிறது. 25 படகு வந்தாலும் 45 படகு வந்தாலும் அவர் பார்க்க வேண்டியது சுமார் ஒரு டஜன்தான். ஒரு மனிதன் ஓடியாடிப் பார்க்கக்கூடிய அளவு எவ்வளவோ, சூத்திரம் அங்கேயே நின்றுகொள்கிறது. கூட்டம் பெருகினால் ஆள் பெருக வேண்டியதில்லை. விடுகிற படகுகள் பெருகினால் போதும்.

படகின் மீனையாவது நிறுப்பார்களா? அதுவும் இல்லை. கரையில் கிலோ பேசுகிறவர்கள் குறைவு. கூடைதான் பேச்சு. மீன் கூடையில்தான் இறங்கும். ஓர் ஊருக்குள் கூடையின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒரு கூடை காரல் எத்தனை கிலோ என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எண்ண வேண்டியது கூடையை மட்டும். ஒரு பேச்சுக்கு, 36 படகு வந்த நாளில் மூன்றில் ஒன்றாக 12 படகைப் பார்த்தார்; மொத்தம் 60 கூடை; கூடைக்கு 25 கிலோ. 1,500 கிலோ. மூன்றால் பெருக்கினால் 4,500 கிலோ, அன்றைய தளத்துக்கு. இப்படி 9 நாள் கணக்கின் சராசரியை 600-ஆல் பெருக்கினால் மண்டலத்தின் மாதக் கணக்கு கையில். 12 மாதத்தையும் மண்டலங்களையும் கூட்டினால் மாநிலம், மாநிலங்களைக் கூட்டினால் அந்த 34.9 லட்சம் டன். செய்தித்தாள் வரியின் அடியில் ஒரு பனை ஓலைக் கூடையோ பிளாஸ்டிக் கூடையோ இருக்கிறது.

மீனை இப்படி எண்ணுகிறவர்கள் மீனவர்களை எண்ணும்போது வேறு முறைக்குப் போய்விடுகிறார்கள். 1980, 2005, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வீடு வீடாக ஏறி முழுக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. வீடும் படகும் மெதுவாகத்தான் மாறும். ஒருமுறை முழுதாக எண்ணிவைத்தால் சில வருடம் தாங்கும். மீன்பாடு தினமும் மாறும். நின்றுகொண்டிருப்பதற்கு ஒரு முறை, ஓடிக்கொண்டிருப்பதற்கு ஒரு முறை.

கரையில் இறங்காத விஷயங்களை என்ன செய்வது? பெரியபட்டினம், சின்ன ஏர்வாடிப் பக்கம் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்கள்தான் அவர்களுக்கு வேலை நாட்கள். நாட்டின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளில் வழக்கமாக வரும் கேள்வி ஒன்று உண்டு: ‘கடந்த 7 நாட்களில் வேலை செய்தீர்களா?’ அமாவாசையை ஒட்டிய வாரம் மாட்டினால் அந்தப் பெண் கடும் உழைப்பாளி. இடைப்பட்ட வாரம் மாட்டினால் வேலையற்றவர். நிலா கணக்கில் வாழ்கிறவரிடம் காலண்டர் கணக்கில் கேட்ட கோளாறு. கேள்வியை ‘போன அமாவாசையிலிருந்து இந்த அமாவாசை வரை’ என்று மாற்றிப்பாருங்கள். விடை தானாக நேராகும்.

நினைவும் இப்படி ஓர் ஊர்க் காலண்டரைத்தான் நம்பும். ‘ஆறு மாதத்தில் எத்தனை தடவை வலை கிழிந்தது?’ என்றால் விழிப்பார்கள். பெரிய நஷ்டம் எட்டு மாதம் முந்தியது என்றாலும் நேற்று நடந்ததுபோல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு முன்னாலயா, பின்னாலயா? தடைக்காலம் முடிஞ்சு முதல் தடவை போனப்பவா?’ என்று கேட்டால் வரிசையாக வரும். நல்ல கணக்கெடுப்பாளரின் பையில் இப்படி ஓர் உள்ளூர் நிகழ்வுப் பட்டியல் இருக்கும்.

இன்னும் கடினமான கேள்விகள் உண்டு. கடல்பசு, இங்கே பெரியவர்கள் ஆவுளியா என்பார்கள், கடற்புல் மேயும் பாலூட்டி. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. எத்தனை இருக்கின்றன என்று எண்ண வேண்டுமே! மேலே பறந்து பார்த்தால், பெரும்பகுதி நேரம் நீருக்கடியில் இருக்கும் விலங்கு கண்ணில் படாது. ஆஸ்திரேலியாவில் ஹெலன் மார்ஷும் கூட்டாளிகளும் விமானத்தில் எண்ணியபோது, பார்த்ததை மட்டும் எழுதாமல், பார்க்க முடியாமல் போனவை எத்தனை இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். இன்னொரு வழி, விலங்கை விட்டுவிட்டு அதன் இலையை எண்ணுவது. ஆவுளியா மேய்ந்த இடத்தில் கடற்புல் படுகையில் ஏர் ஓட்டியதுபோல் சால் விழும். சாப்பிட்டவர் போய்விட்டாலும் இலை கிடக்கும் அல்லவா?

மூன்றாவது வழி, மீனவரிடம் கேட்பது. படங்களைக் காட்டி ‘இதில் எதைப் பார்த்திருக்கிறீர்கள்?’ என்பார்கள். இப்படிப்பட்ட நேர்காணல்களில் குறும்பான ஓர் உத்தி உண்டு. படங்களுக்கு நடுவே இந்தக் கடலில் இல்லவே இல்லாத, பனிக்கடல் வால்ரஸ் போன்ற ஒன்றையும் செருகிவைப்பது. ‘ஓ, இது நிறைய வரும்’ என்று சொல்கிறவர் விருந்தினரைத் திருப்திப்படுத்தப் பேசுகிறார் என்று தெரிந்துபோகும். அவரது மற்ற பதில்களுக்கும் கொஞ்சம் தள்ளுபடி.

சட்டத்துக்கு மாறான செயலைப் பற்றியே கேட்க வேண்டியிருந்தால்? 2001 முதல் கடல் அட்டை பிடிக்கத் தடை. ‘அட்டை பிடித்தீர்களா?’ என்று நேராகக் கேட்டால் யார் ஆமாம் என்பார்? ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965-ல் இதற்கு ஒரு வழி காட்டினார். பிற்பாடு வந்த அதன் எளிய வடிவம் இது. கேட்பவருக்குக் காட்டாமல் நாணயத்தைச் சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் எது உண்மையானாலும் ‘ஆமாம்’ சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 200 பேரில் 130 பேர் ‘ஆமாம்’ என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 100 ‘ஆமாம்’ நாணயம் சொன்னது. மீதி 30, பூ விழுந்த 100 பேரிடமிருந்து வந்தது. ஆக நூற்றுக்கு 30. யார் என்று கேட்டவருக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. தனி மனிதனின் ரகசியம் பத்திரமாக இருக்க, ஊரின் உண்மை வெளியே வந்துவிடுகிறது.

மறுபடி கரைக்கு வருவோம். ஐப்பசி மாதம். அட்டவணையில் வடகடல் ஓரத்துச் சின்ன ஊர் ஒன்று விழுந்திருக்கிறது. வாடை சுழற்றி அடிக்கிறது. வல்லங்கள் எல்லாம் மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துக் கிடக்கின்றன. தென்கடல் பக்கம் படகுகள் நிறைய வந்திருக்கும். அங்கே போனால் படிவம் நிறையும். சீட்டில் அந்தப் பக்கம் இல்லையே. 12 மணிக்கு வந்த களப்பணியாளர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கடலையே பார்க்கிறார். மாலை 6 வரை ஒரு படகும் வரவில்லை. படிவத்தைத் தொடையில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, படகுகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 0 என்று எழுதுகிறார். வேலை செய்யாமல் எழுதிய பூஜ்யமும் ஆறு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய பூஜ்யமும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். டீக்காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். காலை 6 மணிக்கு மறுபடி வர வேண்டும்.